அடி என்றால் காலடி

வாழ்க்கையில் ஒரே ஒரு பொம்பிளையைத்தான் நான் கை நீட்டி அடித்திருக்கிறேன். அதுவும் முதுகுக்குப் பின்னால் நின்று. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் யார், எந்த ஊர் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. இன்றைக்கு இரண்டு நாள் அவருடைய குரல் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எல்லாம் என் தம்பியால் வந்தது. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தவள். தம்பி இன்னும் நாங்கள் பிறந்த அதே ஒழுங்கையில்தான் இருக்கிறான். துறைமுகத்தில் வந்து இறங்கும் சாமான்களுக்குக் கடுதாசி எழுதும் வேலை. நாற்பத்தைந்து வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கதிரையில் சாய்ந்து கிடந்து, மெஷினால் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு, மற்ற நாட்களில் வேலைக்குப் போவான். இப்படி இரண்டு வருடம். மச்சாளின், தம்பி பெண்சாதியின், இரத்த வகை சேரவில்லை. எனக்குச் சோதித்துப் பார்த்தார்கள். இரத்தம் சேர்ந்தது, மற்றதெல்லாமும் சேர்ந்தது. நான் உடனே கோயிலுக்குப் போய் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

டாக்டர் என்னைத் தராசில் ஏற்றினார், இறக்கினார், பிறகு மறுபடியும் ஏற்றினார். தராசில் பிழை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

“உங்கட கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. ஆனா இந்த நிறையோட உங்களை ஒப்பரேஷனுக்கு எடுக்க ஏலாது. சீனியும் எல்லைக்குக் கிட்ட நிக்குது. பதினொரு கிலோ குறைச்சிட்டு வாங்க.”

“குறையாட்டி?”

“குறையாட்டி வேற ஆள் பார்க்க வேணும்.”

வேறு ஆள் எங்கே இருக்கிறது? அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். அந்த டாக்டரின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினாலும் என்னுடைய ஒரு கைக்குக் காணாது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு பதினொரு கிலோ என்று அவர் லேசாகச் சொன்னது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை இழுத்து அடித்துவிட்டு வெளியே வந்தேன். தம்பி வாங்குப் பலகையில் இருந்தான்.

“என்னவாம் அக்கா?”

“கொழுப்பாம்.”

“இதைச் சொல்ல டாக்டருக்குப் படிக்க வேணுமா? நான் சின்னனில இருந்தே சொல்லுறன்.”

இரண்டு பேரும் அந்த நடையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் சிரித்து முடிந்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் கண்டேன். அக்காவின் வயிற்றைக் கிழிக்காமல் தப்பிவிட்டோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. உன்னை விட்டால்தானே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

முதலில் நடந்து பார்த்தேன். வெள்ளவத்தையில் கடலோர வீதி இருக்கிறது, காலையில் பாதி வெள்ளவத்தையும் அங்கேதான் நடக்கும். நானும் தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பி வருகிற வழியில் ஒருவர் சுடச்சுட உளுந்து வடை போடுவார். நடந்து களைத்தவளுக்கு இரண்டு வடை தின்ன உரிமை இல்லையா? ஒரு மாதம் நடந்து அரைக் கிலோ ஏறினேன். இவர், என் வீட்டுக்காரர், பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, “நீர் நடக்கிறதை நிப்பாட்டினா நிறை குறையும்” என்றார். மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் எங்கள் மாடிவீட்டு லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தாளைக் கண்டேன். பெண்களுக்கு மட்டும், குத்து, உதை, நாற்பத்தைந்து நிமிடம், செவ்வாய் வியாழன் சனி என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. கராத்தேயிலும் கிக் பொக்சிங்கிலும் இருக்கிற அடிகளை எடுத்து, பாட்டுப் போட்டு, நிற்காமல் செய்கிற உடற்பயிற்சி. ஆளுக்கு ஆள் தொடுவதில்லை, எல்லாரும் காற்றோடுதான் சண்டை. நான் இருந்த கோபத்துக்கு இதுதான் சரி என்று பட்டது. தம்பியிடம் சொன்னேன்.

“காத்தோட என்ன கோபம் அக்கா உனக்கு?” என்றான்.

வகுப்பு, கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், துணிக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது. ரயில் போகும்போது யன்னல் எல்லாம் ஆடும், பாட்டுக் கேட்காது. சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு சிங்களப் பிள்ளை. முப்பது வயது வராது, கறுப்புப் பட்டி வாங்கியவள், ஈர்க்குப் போல இருந்துகொண்டு இடி போலக் கத்துவாள். நாங்கள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டோம். முதல் நாள் பத்தாவது நிமிடம் நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபதாவது நிமிடம் கம்பியும் என்னைக் கைவிட்டது, நிலத்தில் குந்திவிட்டேன். மிஸ் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்து, வியாழக்கிழமையும் வரவேண்டும் அக்கே என்று சிங்களத்தில் சொன்னாள். வருவேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் படியேற முடியாமல் லிஃப்டைக் கும்பிட்டேன்.

இரண்டாம் நாள்தான் அந்தக் கூத்து நடந்தது.

கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பொலிசில் கதைப்பேன், மீன்காரனோடு மல்லுக்கட்டுவேன். அந்தப் பெருமையில், விளங்காத ஆட்கள் முன்னுக்கு நில்லுங்கள் என்று மிஸ் சொன்னபோது நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். பாட்டு இடித்தது. முதல் நாள் முழுக்க மிஸ் ஆங்கிலத்தில்தான் ஸ்டெப், ஸ்டெப் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உற்சாகம் கூடிவிட்டதோ என்னவோ, சிங்களத்துக்கு மாறி, “அடியக் இஸ்ஸரஹட்ட!” என்று ஒரு கத்துக் கத்தினாள்.

ஒரு அடி முன்னுக்கு எடுத்து வை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, கையைக் குத்துக்குப் பொத்திக்கொண்டு நின்றவளின் காதில் முன் பாதி மட்டும் விழுந்தது. அடி! அதுவும் நல்ல தமிழில்! கை தானாகப் போனது. முழுப் பலத்தோடு, இரண்டு வருட ஆத்திரத்தையும் சேர்த்து, எனக்கு முன்னால் நின்ற பொம்பிளையின் தோள்பட்டைக்குக் கீழே ஒரு குத்து விட்டேன்.

“யா அல்லாஹ்!”

பாட்டு நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பொம்பிளை முதுகைத் தடவிக்கொண்டு மெல்லத் திரும்பினார். இறுக்கிக் கட்டிய ஸ்கார்ஃப், முழங்கால் வரைக்கும் நீளமான சட்டை, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

“ஏன் தங்கச்சி, நான் ஒங்களுக்கு என்ன செஞ்ச?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகவே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதில், பன்னிரண்டு பொம்பிளைகளுக்கு முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தம்பி, கிட்னி, பதினொரு கிலோ, வடை, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அடி என்று கேட்டதால்தான் அடித்தேன் என்றும் சொன்னேன்.

மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. யாரோ சிங்களத்தில் சொல்லிக் காட்டினார்கள். காலடிக்குத் தமிழில் என்ன சொல் என்று என்னிடம் கேட்டாள். அடி என்றேன். அடிப்பதற்கு? அதுவும் அடிதான். அப்படியென்றால் நீங்கள் எல்லாம் எப்படி ஆளை ஆள் அடிக்காமல் ரோட்டில் நடக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டாள். முழு வகுப்பும் சிரித்தது. அடி வாங்கியவர் மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பிக்காகவா இந்தப் பாடு?” என்றார். “அப்ப எனக்குப் பின்னாலயே நில்லுங்க. இன்னும் ரெண்டு விழுந்தாலும் பரவால்ல.”

அன்றிலிருந்து அவர் எனக்கு ராத்தா, அவர்கள் பேச்சில் அக்கா. மாளிகாவத்தையில் இருந்து பஸ் மாறி வருகிறவர். அங்கே கிட்டடியில் வகுப்பு இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். “அங்க செஞ்சா ஏன்ட மருமக்கள் காணும். இந்த வயசில மாமி கால் தூக்கிற என்று ஊரெல்லாம் கதை போகும். வெள்ளவத்தையில என்னை ஆருக்குத் தெரியும்?” என்றார். நான் கால் தூக்கினால் முழங்கால் உயரம் போகும். ராத்தா தூக்கினால் நெஞ்சு உயரம் போகும். கடவுள் யாருக்கு எதைக் கொடுக்கிறான் என்று சொல்ல ஏலாது.

மிஸ்ஸுக்கும் அது வாய்ப்பாடமாகிவிட்டது. “அடியக்!” என்று கத்துவாள், உடனே என்னைப் பார்த்து, “அத்த நெவெய், ககுல!” என்பாள். கை இல்லை, கால். பன்னிரண்டு பேரும் கூடச் சொல்வார்கள். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அது இல்லாவிட்டால் வகுப்புத் தொடங்கின மாதிரியே இருக்காது.

உடம்பு நோவு என்றால் என்னவென்று அந்த மாதங்களில்தான் தெரிந்தது. பல்லுத் தீட்டக் கை தூக்க ஏலாது. பஸ்ஸில் கொண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறான். ஆனால் வியர்த்து நனைந்து மாடியில் இருந்து இறங்கும்போது, கடல் காற்று முகத்தில் படும்போது, நான் பதினெட்டு வயதில் நடந்த மாதிரி நடந்தேன். எனக்குத் தெரியாமலே எங்கேயோ தொலைத்துவிட்ட ஒரு ஆளைத் திரும்பிக் கண்ட சந்தோஷம் அது. வடைக்காரரைக் கண்டால் மற்றப் பக்கத்துக்குக் கடந்தேன். மூன்று கிலோ, ஐந்து, ஏழு, எட்டு. எட்டில் தராசு நின்றுவிட்டது. மூன்று வாரம் முள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி குண்டைப் போட்டான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். மச்சாள் சமையலறையில் நின்றாள். அவன் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, நான் டாக்டரிட்ட வேண்டாம் எண்டு சொல்லப் போறன்.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?”

“உனக்கு ஏதும் ஆச்செண்டா? உன்ட பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுறது? நான் மெஷினோட இருக்கிறன். எத்தினை பேர் இருக்கினம்.”

நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. உனக்காக எத்தனை மாதமாகக் குரங்குக் கூத்து ஆடுகிறேன் தெரியுமா என்று கேட்டேன். சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன். அந்த வாரம் செவ்வாயும் போகவில்லை, வியாழனும் போகவில்லை. யாருக்காகக் காலைத் தூக்குவது என்று கட்டிலில் கிடந்தேன். அவன் வேண்டாம் என்றால் என் பதினொரு கிலோவும் ஒன்றுதான், பதினாறும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. ராத்தா நின்றார், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு. லிஃப்ட் வேலை செய்கிறதே என்றேன். “ரெண்டு நாள் நீங்க வரல்ல, ஒங்கட பங்கையும் நான்தான் ஏறின” என்றார். பிறகு கதவருகே நின்றே தயங்கினார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“மன்னிச்சுக்கோங்க தங்கச்சி. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட நான் போனதே இல்ல. நல்ல இனிப்பா வட்டிலாப்பம் செஞ்சு ஆற வச்சும் ஈந்த. பொறகு யோசிச்ச, கொண்டு போனா நீங்க தின்னுவீங்க. வச்சிட்டு வந்த.”

எனக்காக ஒருவர் எதையாவது கொண்டுவந்தது உண்டு. எனக்காகக் கொண்டுவராமல் வந்தவர் அவர் ஒருவர்தான். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், சீனி இல்லாமல். நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார்.

“தம்பிக்கு ஒங்களைப் பத்திப் பயம். நீங்க இப்ப எப்படி ஈக்கிற என்று அவருக்குத் தெரியா. நான் ஒங்கட குத்தை வாங்கின ஆள், எனக்குத் தெரியும். அவருக்கும் ஒண்டு காட்டுங்க.”

சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று தம்பி நினைத்திருப்பான். நான் அவனுடைய கட்டிலில் இருந்து தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். “மெஷின் குத்துற கையை முதுகுக்குப் பின்னால கட்டு. மற்றக் கையால இதை நெஞ்சோட அணைச்சுப் பிடி” என்றேன். மச்சாள் கரண்டியோடு வந்து நின்றாள். எனக்கு விசர் முற்றிவிட்டது என்று அவள் கண் சொன்னது.

ஒரு அடி முன்னுக்கு வைத்தேன். காலைச் சொல்கிறேன். பிறகு இடது, வலது, இடது என்று தலையணையில் மட்டும் மூன்று விட்டேன். அளந்துதான் விட்டேன், ஆனாலும் மூன்றாவதுக்கு அவன் அப்படியே பின்னால் போய்ச் சோபாவில் இருந்துவிட்டான். மூச்சு வாங்காமல் நான் நின்றேன். அவன் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் ஓடியது. அது சிரிப்பா அழுகையா என்று பிறகு எனக்கே தெரியவில்லை.

“இந்த அடி அடிக்கிறவளுக்கு ஒண்டும் நடக்காது” என்றான். “சரி அக்கா. தா. வாங்குறன்.”

மச்சாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மிச்ச மூன்று கிலோவும் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போனது. தராசில் ஏறியபோது அந்த ஒல்லி டாக்டர் இந்த முறையும் என்னை இரண்டு தரம் ஏற்றி இறக்கினார். கடைசி வகுப்பில் மிஸ் என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ராத்தா நோன்பு பிடிப்பதாகச் சொன்னார். நோன்பு மாதம் இல்லையே என்றேன். “எனக்குத் தெரியும். இது ஒங்களுக்கு” என்றார். வேறு கடவுள், வேறு மொழி, அவர்களுக்கு நான் யார்?

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பை வைத்துக் கட்டியது போல இருந்தது. மறுநாள் நேர்ஸ் வந்து எழும்பச் சொன்னாள். நடுத்தர வயதுச் சிங்களப் பெண், சாந்தமான முகம். என்னைக் கட்டில் விளிம்பில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் மெல்லச் சொன்னாள்.

“ஹெமின், அக்கே. அடியக் இஸ்ஸரஹட்ட.”

மெதுவாக, ஒரு அடி முன்னுக்கு. என் வலது கை தானாகப் பொத்திக்கொண்டது. அதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தையல் இழுத்தது, ஐயோ அம்மா என்று கத்தினேன். நேர்ஸ் பயந்துபோனாள். கையை விரித்து அவளுடைய தோளில் வைத்தேன். காலை எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் தம்பி இருந்த அறை வரைக்கும் நடந்தேன். முகமூடி போட்டு, வாசலில் நிற்க மட்டும் விட்டார்கள். அவன் சாய்ந்து கிடந்தான். இரண்டு வருடமாக மண் நிறத்தில் இருந்த முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த தலையணையை இழுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான்.

“பயப்படாதை, அடிக்க வரேல்ல” என்றேன். “நடந்து வந்தனான்.”

விரலால் கட்டிலுக்குக் கீழே காட்டினான். குழாயின் முனையில் ஒரு பை தொங்கியது, முக்கால்வாசி நிறைந்து, வெளிறிய மஞ்சளாக. இரண்டு வருடமாக அவனுடைய உடம்பால் செய்ய முடியாமல் போன வேலை.

“பார் அக்கா,” என்றான். “காலையில இருந்து இது ரெண்டாவது.”